‘நிர்வாகம் பொறுப்பல்ல’: வாடகை நீச்சல் குளமும் ஒரு கையெழுத்தும்

கடந்த மே மாதம் உறவினர்களோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீச்சல் குளம் உள்ள ஒரு வீட்டை ஒரு நாள் வாடகைக்கு எடுத்திருந்தோம். பதினான்கு பேர், அதில் ஐந்து பேர் பத்து வயதைத் தாண்டாதவர்கள். காரிலிருந்து பாத்திரங்களை இறக்கிக்கொண்டிருக்கும்போதே வீட்டைப் பார்த்துக்கொள்பவர் ஒரு நீளக் கணக்கு நோட்டோடு வந்து நின்றார். முதல் பக்கத்தில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த தாள் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. குளத்தில் நேரும் எந்த விபத்துக்கும், காயத்துக்கும், உயிரிழப்புக்கும், பொருள் இழப்புக்கும் உரிமையாளர் பொறுப்பல்ல என்பது அதன் சாரம். “சும்மா ஒரு கையெழுத்து போதும் சார், எல்லோரும் போடுவதுதான்” என்றார். பெயர், தொலைபேசி எண், ஆட்கள் எண்ணிக்கை, கையெழுத்து என்று கட்டங்கள். எனக்கு முன் வந்துபோனவர் எண்ணிக்கைக் கட்டத்தில் 22 என்று எழுதியிருந்தார். நான் 14 என்று எழுதிக் கையெழுத்திட்டேன். நிமிர்ந்து பார்த்தால் தங்கை மகன் ஏற்கெனவே தண்ணீருக்குள் இருந்தான்.

‘பொறுப்பல்ல’ என்ற சொல் நமக்குப் பழகியதுதான். கல்யாண மண்டபத்தில் செருப்பு தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல. ஓட்டல் வாசலில் வண்டியை நம் சொந்தப் பொறுப்பில் நிறுத்த வேண்டும். பலகையைப் படிக்கிறோம், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறோம். ஆனால் செருப்புக்கு எழுதிய வாசகத்தை உயிருக்கும் எழுதலாமா? எழுதினால் நிற்குமா? அன்று மாலை வீடு திரும்பும்வரை இந்தக் கேள்வி என்னை விடவில்லை. பிறகு உட்கார்ந்து தேடியபோது, இதற்கு ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு பதில் வைத்திருப்பதும், சில பதில்கள் குளத்துக்காகவே எழுதப்பட்டிருப்பதும் தெரிந்தது.

இந்தத் தாளின் தாயகம் அமெரிக்கா என்று சொல்லலாம். அங்கே பனிச்சறுக்கு, குதிரையேற்றம், உடற்பயிற்சிக் கூடம் என்று எதற்குப் போனாலும் முதலில் நீட்டப்படுவது பொறுப்பு விலக்குப் பத்திரம். வீட்டுக் குளத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் வழக்கம் பரவியதும் பத்திரம் வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது. 2018-இல் தொடங்கப்பட்ட ஸ்விம்ப்ளி என்ற நிறுவனம் இந்த வியாபாரத்தின் அடையாளமாகிவிட்டது. அதைத் தொடங்கிய புனிம் லாஸ்கின் பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் மூத்தவர். பக்கத்து வீட்டுக் குளம் யாரும் குளிக்காமல் சும்மா கிடப்பதைப் பார்த்துத்தான் இந்த யோசனை பிறந்தது என்பது அவர் சொல்லும் கதை. அறை வாடகைக்கு என்ன செயலியோ, குளத்துக்கும் அதே மாதிரி. வீட்டுக்காரர் படம் போடுகிறார், மணிக்கு இவ்வளவு என்கிறார், முன்பின் தெரியாதவர்கள் துண்டோடு வந்து இறங்குகிறார்கள். வருபவரில் ஒருவர் வழுக்கி விழுந்தால் தன் வீடே போய்விடுமோ என்ற பயம் வீட்டுக்காரருக்கு. அந்தப் பயத்துக்கு மருந்தாக இணையத்திலிருந்து ஒரு மாதிரிப் படிவத்தை இறக்கி அச்சடித்து வைத்துக்கொள்கிறார்.

படிவத்தைக் கவனமாகப் படித்தால், ஒரே தாளில் மூன்று வெவ்வேறு சரக்குகள் இருப்பது தெரியும். முதலாவது, ஆபத்தை அறிந்தேன் என்ற ஒப்புதல்: தரை வழுக்கும், தண்ணீர் ஆழமானது, காவலுக்கு ஆள் இல்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும் என்று கையெழுத்திடுபவர் சொல்கிறார். இரண்டாவது, விலக்கு: வீட்டுக்காரரின் கவனக்குறைவாலேயே எனக்கு அடிபட்டாலும் வழக்குப் போட மாட்டேன் என்கிறார். மூன்றாவதுதான் பலர் கண்ணில் படாமல் போகும் வரி. நான் அழைத்து வந்தவர்களில் யாராவது வீட்டுக்காரர்மீது வழக்குப் போட்டால் அந்தச் செலவையும் நஷ்டஈட்டையும் நானே ஏற்பேன் என்பது அது. இருபத்திரண்டு பேருக்காக ஒருவர் கையெழுத்திடும் இடத்தில், இந்த மூன்றாவது வரி வாடகைக்கு எடுத்தவர் கழுத்தில் மாட்டும் கல். எல்லா நீதிமன்றமும் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும் என்பதில்லை. ஆனாலும், பிறந்தநாள் விருந்துக்குக் குளம் பிடித்துக் கொடுத்த நல்ல மனிதர் நண்பனின் மருத்துவமனைச் செலவுக்கு வழக்கறிஞர் வைக்க நேர்வது வேடிக்கையான காட்சி அல்ல.

நியூயார்க்கில் என்ன நிலைமை? அந்த மாநிலத்தின் பொதுக் கடப்பாடுகள் சட்டத்தில் 5-326 என்று ஒரு பிரிவு இருக்கிறது. குளம், உடற்பயிற்சிக் கூடம், கேளிக்கை இடம் ஆகியவற்றை நடத்துபவர் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆளை உள்ளே விட்டால், தன் கவனக்குறைவுக்குத் தான் பொறுப்பல்ல என்று எழுதி வாங்கும் எதுவும் செல்லாது என்கிறது அது. டிக்கெட்டின் பின்புறம் அச்சடித்தாலும், உறுப்பினர் விண்ணப்பத்தில் ஒளித்துவைத்தாலும் ஒன்றுதான். குளம் என்ற சொல் பட்டியலில் முதலாவதாக நிற்கிறது. வீட்டுக் குளத்துக்கு விலக்கு என்று அந்த வாசகத்தில் ஒரு சொல்லும் இல்லை. சட்டம் பார்ப்பது காசு கைமாறியதா என்பதைத்தான். கட்டணம் வாங்கிய கணத்திலேயே பத்திரத்தின் முக்கியமான வரி செத்துவிடுகிறது. கட்டணம் வாங்குகிறோமே என்ற பயத்தில் எழுதிய பத்திரம், கட்டணம் வாங்கிய காரணத்தாலேயே செல்லாமல் போகிறது. அங்கே இன்றும் அந்தப் படிவத்தை அச்சடித்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

லூசியானாவின் சிவில் சட்டத் தொகுப்பில் 2004-ஆவது விதி இன்னும் சுருக்கமாக முடித்துவிடுகிறது: உடற்காயத்துக்கான பொறுப்பை முன்கூட்டியே விலக்கும் எந்த நிபந்தனையும் செல்லாது. வர்ஜீனியாவில் இதை நீதிமன்றமே சொல்லிவிட்டது. அங்கே நீச்சலும் சைக்கிளும் ஓட்டமும் சேர்ந்த ஒரு போட்டியில் கலந்துகொண்டவர், ஏரியில் இறங்கி நடந்து, தொடையளவுத் தண்ணீரில் தலைகீழாகப் பாய்ந்தார். தலை அடியில் மோதியது, கைகால் செயலிழந்தது. போட்டிக்கு முன் அவர் விலக்குப் பத்திரத்தில் கையெழுத்திட்டிருந்தார். 1992-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், உடற்காயம் நேரும் முன்பே எழுதி வாங்கும் விலக்கு பொது நலனுக்கு எதிரானது என்று தள்ளிவிட்டது. அதற்கு அது துணைக்கு எடுத்துக்கொண்டது ரயில்வே தொடர்பான 1890-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. நூறு ஆண்டுப் பழைய தீர்ப்பு ஒன்று ஏரிக்கரையில் வந்து நின்றது.

கலிபோர்னியா இதற்கு நேர்மாறான ஊர். வீட்டுக் குளங்கள் நிறைந்த மாநிலமும் அதுவே என்பதால் அங்கே சற்று நின்று பார்க்கலாம். 1963-இல் அதன் உச்ச நீதிமன்றம், நோயாளியைச் சேர்க்கும்போதே விலக்குப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிய ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையின் பத்திரத்தைச் செல்லாது என்றது. நோயில் கிடப்பவன் பேரம் பேச முடியுமா என்பது அடிப்படை. ஆனால் பின்னால் வந்த தீர்ப்புகள் விளையாட்டையும் பொழுதுபோக்கையும் வேறு தட்டில் வைத்தன. மருத்துவமனைக்குப் போகாமல் இருக்க முடியாது, குளத்துக்குப் போகாமல் இருக்கலாம். விரும்பி வந்தவன் கையெழுத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது அவற்றின் வாதம். ஆகவே சாதாரணக் கவனக்குறைவுக்கு எழுதிய விலக்கு அங்கே பெரும்பாலும் நிற்கும்.

எதுவரை நிற்கும் என்பதைச் சொன்னதும் ஒரு குளம்தான். 2002 ஜூலையில் சாண்டா பார்பரா நகராட்சி, வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு ஒரு கோடை முகாம் நடத்தியது. பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி. வலிப்பு நோய் உண்டு. தாய் அதை முன்பே தெரிவித்திருந்தார். விலக்குப் பத்திரத்திலும் கையெழுத்திட்டிருந்தார். அவளைக் கவனிக்க மட்டும் ஒரு பணியாளர் ஒதுக்கப்பட்டிருந்தார். அன்று குளத்துக்கு வந்ததும் சிறுமிக்கு லேசான வலிப்பு வந்தது. கொஞ்ச நேரம் உட்காரவைத்தார்கள், சரியாகிவிட்டது என்று நினைத்தார்கள், தண்ணீரில் இறங்க விட்டார்கள். அவள் நீந்திவரும்போது பணியாளர் கண்ணை எடுத்தது 15 விநாடிக்கு மேல் இருக்காது. திரும்பிப் பார்த்தபோது சிறுமியைக் காணவில்லை. தேடி, மற்ற பிள்ளைகளை எல்லாம் மேலே ஏற்றிய பிறகு, குளத்தின் அடியிலிருந்து அவளை எடுத்தார்கள். மறுநாள் இறந்தாள்.

தாயின் கையெழுத்தைக் காட்டி நகராட்சி வழக்கை முடிக்கப் பார்த்தது. 2007-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது. சாதாரணக் கவனக்குறைவுக்கு விலக்கு எழுதி வாங்கலாம். பெரும் அலட்சியத்துக்கு முன்கூட்டியே எழுதி வாங்க முடியாது. பெரும் அலட்சியம் என்றால் சிறிதளவு கவனம்கூட இல்லாமை, அல்லது வழக்கமான நடத்தையிலிருந்து வெகுதூரம் விலகிப்போதல். ஈரத் தரையில் வழுக்கிக் கணுக்கால் பிசகினால் பத்திரம் வீட்டுக்காரரைக் காப்பாற்றலாம். கதவின் தாழ்ப்பாள் உடைந்து ஆறு மாதமாகியும் சரிசெய்யாமல், பிள்ளைகள் கூட்டத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தால்? அடித்தளம் கண்ணுக்குத் தெரியாத அளவு பச்சை பிடித்த தண்ணீரில் இறங்கவிட்டிருந்தால்? அப்போது கேள்வி பத்திரத்தைத் தாண்டிப் போய்விடும். சிறிய விபத்துக்குக் குடை, பெரிய விபத்துக்கு ஓட்டை என்பதுதான் இந்தப் பத்திரத்தின் குணம். வீட்டுக்காரர் பயந்ததோ பெரிய விபத்துக்கு.

அதே மாநிலத்தின் சிவில் சட்டம் 1668-ஆவது பிரிவில் இன்னொரு முடிச்சும் உண்டு. சட்டத்தை மீறியதற்கான பொறுப்பை ஒப்பந்தத்தால் விலக்கிக்கொள்ள முடியாது. குளத்துக்குச் சட்டங்கள் கொஞ்சமா? புதிதாகக் கட்டும் அல்லது மாற்றிக் கட்டும் வீட்டுக் குளத்துக்கு, சட்டம் பட்டியலிட்டுள்ள ஏழு பாதுகாப்பு ஏற்பாடுகளில் இரண்டாவது இருக்க வேண்டும் என்கிறது கலிபோர்னியா. வேலி என்றால் 60 அங்குல உயரம், தானாக மூடிக்கொள்ளும் கதவு. அமெரிக்க மத்திய அரசு 2007-இல் இயற்றிய சட்டம் ஒன்று, குளத்தின் அடியில் நீரை உறிஞ்சும் துளைகளுக்கு ஆளைப் பிடித்திழுக்காத மூடி வேண்டும் என்கிறது. முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி 2002-இல் வெந்நீர்த் தொட்டியின் உறிஞ்சு துளையில் சிக்கி இறந்தாள்; சட்டத்துக்கு அவள் பெயரையே வைத்தார்கள். இந்த மூடி பொதுக் குளங்களுக்குத்தான் கட்டாயம், வீட்டுக் குளத்துக்கு அல்ல. ஆனால் மணிக்கு இவ்வளவு என்று விளம்பரம் செய்து வருவோர் போவோருக்கெல்லாம் திறந்துவிட்ட குளம் இன்னும் வீட்டுக் குளம்தானா? விஸ்கான்சின் மாநில அதிகாரிகள் இல்லை என்றார்கள். வாடகைக்கு விட்டால் அது பொதுக் குளம், அதற்கான உரிமம் வாங்க வேண்டும் என்பது அவர்கள் நிலை. பத்திரத்தில் என்ன எழுதலாம் என்று யோசிக்கும் வீட்டுக்காரருக்குத் தன் குளத்தின் சாதியே மாறிவிட்டது தெரியாமல் போவதுண்டு.

குழந்தைகள் விஷயத்தில் அமெரிக்க நீதிமன்றங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதே இல்லை. பெற்றோர் போட்ட கையெழுத்து பிள்ளையைக் கட்டுப்படுத்தும் என்பது கலிபோர்னியா. 1998-இல் ஓஹயோ, லாப நோக்கமில்லாத விளையாட்டுக் கழகத்துக்கு மட்டும் அதை ஒப்புக்கொண்டது. 2006-இல் நியூஜெர்சியும் 2008-இல் புளோரிடாவும் லாபத்துக்கு நடத்தும் இடத்தில் பெற்றோர் கையெழுத்து பிள்ளையின் உரிமையைப் பறிக்காது என்றன. புளோரிடா சட்டமன்றம் பிறகு தலையிட்டு அதைக் கொஞ்சம் தளர்த்தியது. பெற்றோர் கையெழுத்துக்கே இந்தக் கதி என்றால், பிறந்தநாளுக்கு வந்த பிள்ளைகளுக்காக விருந்து கொடுப்பவர் போட்ட கையெழுத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஒப்பந்தம் என்பது செய்துகொண்டவர்களை மட்டும் கட்டுவது. நோட்டில் 22 என்ற எண் இருபத்திரண்டு பேரின் சம்மதம் ஆகிவிடாது. ஒரே ஒருவரின் சம்மதமும், இருபத்தோரு பேர் எந்தச் சம்மதமும் தராமல் குளித்தார்கள் என்பதற்கு வீட்டுக்காரரே எழுதிவைத்த சாட்சியமும்தான் அதில் இருக்கின்றன.

இங்கிலாந்தில் இவ்வளவு சுற்றல் கிடையாது. 1977-ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டத்தின்படி, தொழில் நடத்துபவர் தன் கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ பொறுப்பை ஒப்பந்தத்தாலும் விலக்க முடியாது, பலகை மாட்டியும் விலக்க முடியாது. நுகர்வோருக்கு 2015-ஆம் ஆண்டுச் சட்டம் அதையே திரும்பச் சொல்கிறது. இலங்கையும் 1997-இல் அந்த ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றி ஒன்றை இயற்றிக்கொண்டது.

நம் நாட்டில் அப்படி ஒரே வரியில் முடித்துவைக்கும் சட்டம் இல்லை. சட்ட ஆணையம் 1984-இலேயே நியாயமற்ற நிபந்தனைகள் பற்றி அறிக்கை கொடுத்தது. ஒப்பந்தச் சட்டத்தில் அது ஏறவில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 23-ஆவது பிரிவுதான் பழைய ஆயுதம்: பொது நலனுக்கு எதிரான ஒப்பந்தம் செல்லாது. எது பொது நலனுக்கு எதிரானது என்பதை ஒவ்வொரு வழக்கிலும் நீதிபதி முடிவு செய்ய வேண்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற சொல்லை முதன்முறையாக அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்து, மாநில ஆணையத்திலும் தேசிய ஆணையத்திலும் அதை எதிர்த்து முறையிட வழி வைத்தது. தங்கும் இடமும் கேளிக்கையும் அந்தச் சட்டத்தில் ‘சேவை’ என்ற சொல்லுக்குள் வருகின்றன. ஆகவே கடற்கரைச் சாலை வீட்டுக்காரர், நான் ஓட்டல்காரன் இல்லையே, என் வீட்டைத்தானே கொடுத்தேன் என்று எளிதில் ஒதுங்கிவிட முடியாது.

நீதிமன்றங்கள் இதை எப்படிப் பார்க்கும் என்பதற்கு 2019-இலேயே உச்ச நீதிமன்றம் தந்த இரண்டு தீர்ப்புகள் போதும். ஒன்று கார் பற்றியது. டெல்லியின் ஒரு நட்சத்திர ஓட்டலில் 1998-இல் விருந்தினர் காரின் சாவியை ஊழியரிடம் கொடுத்தார். கார் திருட்டுப் போனது. சீட்டில் ‘உரிமையாளரின் சொந்தப் பொறுப்பு’ என்று அச்சடித்திருந்தது. தன் ஊழியர்களின் கவனக்குறைவை அந்த வாசகத்துக்குப் பின்னால் ஒளித்துவைக்க முடியாது என்றது நீதிமன்றம். சாதாரண காருக்கே சீட்டு உதவவில்லை.

மற்றொன்று குளம் பற்றியது. கோவளத்தில் நடந்தது, நம் முட்டுக்காட்டுப் பக்கத்துக் கோவளம் அல்ல, திருவனந்தபுரத்துக் கோவளம். கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டலில் 2006-இல் விருந்தினர் ஒருவர் நீந்தும்போது நினைவிழந்து மூழ்கி இறந்தார். குளத்துக்கு உயிர்காப்பாளர் இருந்தார். ஆனால் அவருக்கே மதுக்கூடத்தில் பானம் எடுத்துக் கொடுக்கும் வேலையும் தரப்பட்டிருந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் 62.50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. உயிர்காப்பாளரின் வேலை உயிரைக் காப்பது. அவர் கையில் கோப்பையைக் கொடுத்துவிட்டுக் காவல் இருந்தது என்று சொல்ல முடியாது. இந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு எங்கள் நோட்டுக்காரர் நினைவு வந்தது. அவர்தான் காவலாளி, அவர்தான் தோட்டக்காரர், அவர்தான் மாலையில் அடுப்புக்கரி வாங்கப் போனவர். குளத்துக்கும் அவர்தான் என்று உரிமையாளர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். அவருக்கு நீச்சல் தெரியுமா என்று நாங்கள் கேட்கவே இல்லை.

டெல்லியிலிருந்து பழைய வழக்கு ஒன்றையும் சொல்ல வேண்டும். 1972-இல் ஒரு நட்சத்திர ஓட்டல் குளத்தில் ஜெர்மன் விமானி ஒருவர் பாய்பலகையிலிருந்து குதித்தார். தலை அடித்தளத்தில் மோதிக் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்து, பதின்மூன்று ஆண்டுகள் கழித்து இறந்தார். 1997-இல் டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி 50 லட்சம் ரூபாய் தரச் சொன்னார். பலகை வைத்திருக்கிறார்கள் என்றால் குதிக்கும் அளவு ஆழம் இருக்கிறது என்றுதானே வருகிறவன் நம்புவான் என்பது தீர்ப்பின் உயிர்நாடி. மேல்முறையீட்டில் அந்தத் தொகை நிற்கவில்லை. வழக்குப் போட்டவர் இறந்துவிட்டதால் வழக்கும் முடிந்துபோயிற்று என்ற நுணுக்கம் குறுக்கே வந்தது. ஆனாலும், குளமே பேசுகிறது என்று அந்த நீதிபதி கண்டது இன்றும் பொருந்தும். பாய்பலகை ‘குதி’ என்கிறது. விளிம்பில் ஆழம் எழுதாத குளம் எதுவும் சொல்லாமல் நிற்கிறது. இதற்கு மேல் நோட்டில் என்ன ஒட்டினாலும், குளம் சொன்னதைத்தான் வருகிறவன் கேட்பான்.

மைனர் செய்த ஒப்பந்தம் இந்தியாவில் அடியோடு செல்லாது என்பது 1903-இல் பிரிட்டிஷ் ஆட்சிக்கால உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்னதிலிருந்து மாறாத விதி. பதினேழு வயது மாணவர்கள் பத்துப் பேர் சேர்ந்து குளம் பிடித்துக் கையெழுத்திட்டால், அந்தத் தாளால் காதுகூடக் குடைய முடியாது.

இதுவரை பார்த்ததெல்லாம் நஷ்டஈட்டு வழக்கு. உயிர் போனால் முதலில் வருவது காவல்துறை. கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ. இரண்டு ஆண்டுவரை சிறை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 106-ஆவது பிரிவு. ஐந்து ஆண்டுவரை சிறை. குற்ற வழக்கை நடத்துவது அரசு. இறந்தவரோ அவர் உறவினரோ எழுதிக்கொடுத்த எந்தப் பத்திரமும் அரசின் கையைக் கட்டாது. நான் பேசிய வீட்டு உரிமையாளர்கள் இரண்டு பேருக்கு இது புதிய செய்தியாக இருந்தது. கையெழுத்து வாங்கிவிட்டால் போலீஸும் வராது என்று உண்மையாகவே நம்பியிருந்தார்கள்.

அப்படியானால் பத்திரமே வேண்டாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் குறைசொல்வது அதில் எல்லோரும் தடித்த எழுத்தில் அச்சடிக்கும் வரியை. ‘பொறுப்பல்ல’ என்ற அந்த வரி பல ஊர்களில் செல்லாது, செல்லும் ஊர்களிலும் தேவைப்படும்போது கைவிடும். மாறாக, யாரும் மதிக்காத முதல் பகுதி, ஆபத்தைச் சொல்லும் பகுதி, எந்த நீதிமன்றத்திலும் ஏதோ ஒரு வகையில் பயன்படும். இந்தக் குளத்தின் ஆழம் இந்த முனையில் இவ்வளவு, அந்த முனையில் இவ்வளவு. தலைகீழாகக் குதிக்க இங்கே ஆழம் போதாது. ஒன்பது அடிக்குக் குறைந்த தண்ணீரில் தலைகீழாகப் பாய வேண்டாம் என்பது அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் அறிவுரை. உயிர்காப்பாளர் இல்லை, குழந்தைகளை இன்னார் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். குடித்துவிட்டு இறங்கக் கூடாது. இருட்டிய பிறகு குளம் மூடப்படும். இப்படி எழுதி, வந்தவர் ஒவ்வொருவரும் படித்துக் கையெழுத்திட்டிருந்தால், சொல்ல வேண்டியதைச் சொன்னேன் என்று வீட்டுக்காரர் காட்டுவதற்கு ஒரு கைப்பிடி கிடைக்கும். அடிபட்டவர் தானும் கவனக்குறைவாக இருந்தார் என்ற வாதத்துக்கும் அது துணை. நீதிமன்றத்துக்குப் போகும் முன்பே, குதிக்கப் போன ஒருவன் அதைப் படித்து நிற்கவும் கூடும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பழமொழி வைத்திருக்கும் ஊரில் ஆழத்தை எழுதிவைக்க இவ்வளவு தயக்கம் ஏன் என்று புரியவில்லை.

அதற்கு மொழியும் நேரமும் ஒத்துழைக்க வேண்டும். எங்களில் பாதிப் பேருக்கு அந்த ஆங்கிலப் பத்தி எளிதில் புரிந்திருக்காது, நீட்டியவருக்கும் புரிந்திருக்காது. பணம் முழுவதையும் முன்பே அனுப்பிவிட்டு, இரண்டு மணி நேரம் வண்டியில் வந்து, பசியோடு நிற்பவரிடம் வாசலில் நீட்டும் தாளை மறுக்கும் உரிமை பெயரளவுக்குத்தான். முன்பதிவு செய்யும்போதே அனுப்பியிருந்தால் அது ஒப்பந்தம் என்ற பெயருக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும்.

வீட்டுக்காரருக்குப் பத்திரத்தைவிட முக்கியமான காகிதம் இன்னொன்று உண்டு: காப்பீட்டுப் பாலிசி. அமெரிக்காவில் வழக்கமான வீட்டுக் காப்பீடு, விருந்தினர் விழுந்து அடிபட்டால் ஈடுகொடுக்கும். வீட்டில் தொழில் நடத்தியதால் வந்த பொறுப்புக்குக் கைவிரித்துவிடும். குளத்தை மணிக்கணக்கில் விற்பது தொழில்தான் என்று காப்பீட்டு நிறுவனம் வாதாடும். நம் ஊரில் வீட்டுக் காப்பீடே எடுக்காதவர்கள் அதிகம். எடுத்தவர்களும் தீக்கும் திருட்டுக்கும் எடுத்தவர்கள். மூன்றாம் நபருக்கு நேரும் காயத்துக்கான பொதுப் பொறுப்புக் காப்பீடு இங்கும் விற்கிறார்கள். அதை எடுக்கப் போனால் நிறுவனம் வேலியைப் பற்றிக் கேட்கும், மின் இணைப்பைப் பற்றிக் கேட்கும், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி குளத்து விளக்குக்கும் மோட்டாருக்கும் இருக்கிறதா என்று கேட்கும். கையெழுத்து நோட்டு இந்தக் கேள்விகளில் ஒன்றையும் கேட்பதில்லை. மலிவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அன்று கையெழுத்திட்ட பிறகு நான் குளத்தைச் சுற்றி வந்தேன். விளிம்பில் எந்த இடத்திலும் ஆழம் எழுதியிருக்கவில்லை. நீலக் கற்கள் பதித்த குளம். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது, தெளிந்த தண்ணீரில் ஆழம் குறைவாகத் தெரியும். காவலாளியைக் கேட்டேன். “இந்தப் பக்கம் இடுப்பளவு சார், அந்தப் பக்கம் கொஞ்சம் கூட இருக்கும்” என்றார். யாருடைய இடுப்பு என்று கேட்கவில்லை. இலை அள்ளும் வலையின் நீளக் கம்பை எடுத்து இரண்டு முனையிலும் இறக்கி, நனைந்த இடம்வரை வீட்டிலிருந்த தையல் நாடாவால் அளந்தோம். படிக்கட்டுப் பக்கம் மூன்றரை அடி, எதிர்ப்பக்கம் ஐந்தே முக்கால். தங்கை மகனின் உயரம் நான்கடிகூட இல்லை. நோட்டை மறுபடி வாங்கி, என் கையெழுத்துக்குக் கீழே அந்த இரண்டு எண்களையும் தமிழில் எழுதிக்கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, ஐயாவிடம் காட்டுகிறேன் என்று சொல்லி நோட்டை மூடினார்.